ஆங்கிலத்தில் அய்யோ

மைசூரு மண்டி மொஹல்லாவின் சாடே ரோட்டில் ஓர் ஆட்டோ சடாரென்று பிரேக் போட்டு நின்றால், காதில் விழுவது ஒரே மொழியாக இருக்காது. தள்ளுவண்டிக்காரர் 'அரே அரே' என்பார். பின்சீட்டுப் பாட்டி 'அய்யய்யோ' என்பார். அவர் வீட்டில் பேசுவது கன்னடமா தமிழா என்று அந்த ஒரு சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் பேத்தி 'ஓ ஷிட்' என்று சொல்லிவிட்டுப் பாட்டியை ஓரக்கண்ணால் பார்ப்பாள். அவள் பையில் இருக்கும் ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் அந்தச் சொல் கிடையாது. அங்கே இருப்பவை 'அலாஸ்', 'ஹுர்ரா'. சாடே ரோட்டில் யாரும் இவ்விரண்டையும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. லண்டன் தெருவிலும் இன்று அப்படித்தான்.

ஆங்கிலப் பாடத்தில் இன்டர்ஜெக்‌ஷன் என்றும், தமிழ்வழி இலக்கண நூல்களில் வியப்பிடைச்சொல் என்றும் குறிக்கப்படும் இந்தச் சொல்வகைக்கு ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் அரைப்பக்கம். சொல்வகை எட்டில் எட்டாவது அது. பெயர்ச்சொல்லுக்கு ஒரு வாரம், வினைச்சொல்லுக்கு ஒரு மாதம், இதற்கு மணி அடிக்கும் முன் கிடைக்கும் ஐந்து நிமிடம். 'திடீர் உணர்ச்சியை வெளிப்படுத்தும் சொல், பக்கத்தில் ஆச்சரியக்குறி போடு' என்பதோடு பாடம் முடிகிறது. அந்த விளக்கத்தில் ஒரு பெரிய குறை இருக்கிறது. இந்தச் சொற்கள் உணர்ச்சியைக் கொட்டுவதற்கு மட்டும் வருவதில்லை. பெரும்பாலான சமயம் எதிரில் இருப்பவருக்காகவே வருகின்றன. அதைச் சொல்லிக்கொடுக்காததால்தான் ஆங்கிலத்தைப் பிழையில்லாமல் எழுதுகிறவர்கூட ஒரு 'ஓ'விலும் ஒரு 'ம்'மிலும் தடுக்கி விழுகிறார்.

இந்த அலட்சியம் பழையது. கிரேக்க இலக்கணகாரர்கள் இதைத் தனி வகையாகவே கருதாமல் வினையடையோடு சேர்த்து வைத்தார்கள். லத்தீனில் கிரேக்கத்தைப் போல் ஆர்ட்டிகிள் கிடையாது. ஆனாலும் எட்டு என்ற கணக்கு குறையக் கூடாது. காலியான இடத்தில் வியப்பிடைச்சொல் வந்து உட்கார்ந்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரெம்மியஸ் பலேமன் என்ற ரோம ஆசிரியர்தான் இதைத் தனியே பிரித்தவர் என்பது மரபு. அங்கிருந்து அது ஆங்கிலத்துக்கு இறங்கியது. 1786இல் ஹார்ன் டூக் என்ற ஆங்கிலேயர், இது மனிதப் பேச்சே அல்ல, விலங்கின் கத்தலோடு சேர்க்க வேண்டியது என்கிற அளவுக்குப் போனார். 19ஆம் நூற்றாண்டில் மொழியறிஞர் மாக்ஸ் முல்லர், மனிதமொழியே இத்தகைய கூச்சல்களிலிருந்துதான் பிறந்தது என்ற கருத்துக்கு 'பூ பூ' கொள்கை என்று கேலிப்பெயர் சூட்டினார். இரு தரப்பாருக்கும் பொதுவான நினைப்பு ஒன்று உண்டு: இவை சொல்லாக முழுமை பெறாதவை.

தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் சற்று நிதானமாக நடந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும். கங்க மரபுச் சிற்றரசன் சீயகங்கன் கேட்டுக்கொண்டதால் 13ஆம் நூற்றாண்டுவாக்கில் பவணந்தி இயற்றிய நன்னூல், இடைச்சொல்லை எட்டு வகையாகப் பிரித்து, அவற்றுள் குறிப்பால் பொருள் தருவனவற்றுக்கும் இடம் கொடுத்தது. இரக்கத்துக்கு அந்தோ, அன்னோ என்று சங்கப் பாடல்களிலிருந்தே வழக்கு உண்டு. கன்னடப் பள்ளி இலக்கணத்தில் இவற்றுக்குப் பாவசூசக அவ்யயம் என்று பெயர். அஹா, ஓஹோ, அய்யோ, அகடகடா, சே, பலே என்று மாணவர்கள் ஒப்பிப்பார்கள். அகடகடாவை இன்று யட்சகான மேடையில்தான் கேட்க முடியும். மற்ற ஐந்தும் தெருவில் உயிரோடு இருக்கின்றன. ஆங்கிலப் பாடத்தில் கணக்கு தலைகீழ்.

காரணம் வெளிப்படை. இந்தியப் பள்ளிகளில் ஆங்கில இலக்கணம் என்றால் ரென் அண்ட் மார்ட்டின். பி. சி. ரென், எச். மார்ட்டின் இருவரும் 1930களில் எழுதிய புத்தகம். பிறகு என். டி. வி. பிரசாத ராவ் திருத்தி, எஸ். சந்த் நிறுவனம் இன்றுவரை அச்சிடுகிறது. ரென் சாகச நாவல்காரரும்கூட. 1924இல் வந்த 'போ ஜெஸ்ட்' அவருடையது. அந்தக் காலத்துப் படித்த ஆங்கிலேயர் ஏட்டில் எழுதிய வியப்புச் சொற்கள் இந்த இலக்கணப் புத்தகத்தில் பதிந்தன, பதிந்தபடியே நின்றுவிட்டன. 'அலாஸ்' இன்று ஆங்கிலத்தில் அழுகைச் சொல் அல்ல. 'போக நினைத்தேன், அலாஸ், டிக்கெட் கிடைக்கவில்லை' என்று பாதிக் கிண்டலாக எழுத்தில் வருவது. இழவு வீட்டில் அதைச் சொன்னால் நாடகம் போடுவதாகத் தோன்றும். 'ஹுர்ரா'வின் இடத்தை 'யே'யும் 'யெஸ்'ஸும் பிடித்துக்கொண்டன.

இதைவிடப் பெரிய வேடிக்கை நேர்க்கூற்று–அயற்கூற்று பயிற்சியில் நடக்கிறது. நேர்க்கூற்றில் 'ஹுர்ரா' இருந்தால் 'எக்ஸ்க்ளெய்ம்டு வித் ஜாய் தட்' என்று மாற்று. 'அலாஸ்' இருந்தால் 'வித் ஸாரோ' போடு. தலைமுறை தலைமுறையாகப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யப்படும் சூத்திரம் இது. பேச்சில் இருந்த ஒரே உயிர்ப்பான சொல்லைப் பிடுங்கிவிட்டு அதன் இடத்தில் உணர்ச்சியின் பெயரை எழுதி வைப்பதுதான் பயிற்சியின் நோக்கம் என்றாகிறது. உயிருள்ள ஆங்கிலத்தில் யாரும் 'அவர் மகிழ்ச்சியோடு வியந்து கூறினார்' என்று பேசுவதில்லை.

மொழியியலாளர்கள் இந்த வகையைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது கடந்த ஐம்பது ஆண்டுகளுக்குள்தான். 1978இல் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 'லாங்குவேஜ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கையிலிருந்து டம்ளர் நழுவினால் ஒருவர் 'ஊப்ஸ்' என்கிறார். எதற்காக? உணர்ச்சி தாங்காமல் அல்ல என்பது அவர் வாதம். 'நழுவியதை நானும் கவனித்துவிட்டேன், எனக்குப் புத்தி பேதலிக்கவில்லை, இது சின்னத் தவறுதான்' என்று சுற்றியிருப்பவர்களுக்கு அவர் அறிவிக்கிறார். தனக்குத்தானே பேசுவது போன்ற பாவனையில் ஊருக்குச் சொல்லும் செய்தி அது.

இதனால்தான் 'ஊப்ஸ்' சின்னத் தவறுக்கு மட்டுமே பொருந்துகிறது. தேநீர் சிந்தினால் சொல்லலாம். அடுத்தவரின் புது ஃபோனை உடைத்துவிட்டு 'ஊப்ஸ்' என்றால் சண்டை வரும். சொன்னவர் சேதத்தைச் சிறியது என்று தாமே தீர்ப்பளித்துவிட்டார் அல்லவா? அறுவை சிகிச்சை மேஜையில் விழித்தபடி படுத்திருக்கும் நோயாளியின் காதில் விழக்கூடாத ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால், பெரும்பாலோர் இதைத்தான் சொல்வார்கள். தமிழில் இதற்கு நேரான சொல் தேடினால் 'அச்சச்சோ' ஓரளவு கிட்டே வரும். ஆனால் அச்சச்சோவில் பரிவும் இருக்கிறது. அடுத்தவர் டம்ளர் நழுவினாலும் நாம் அச்சச்சோ சொல்லலாம். ஆங்கிலத்திலும் பிறர் தவறுக்கு 'ஊப்ஸ்' சொல்வதுண்டு, குழந்தை தடுக்கி விழும்போது. வயது வந்தவருக்குச் சொன்னால் பரிவாகத் தோன்றாது, பரிகாசமாகத் தோன்றும்.

சாடே ரோட்டில் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனை இருக்கிறது. வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரிகள் 1906இல் தொடங்கியது. ஊர்க்காரர்களுக்கு அது மிஷன் ஆஸ்பத்திரி. இது போன்ற ஓர் ஆஸ்பத்திரி வராந்தா வலிச்சொற்களின் அகராதி. 'அம்மா', 'அய்யோ', 'அப்பா', 'ஹாய் அல்லா', 'யா அல்லா'. ஆங்கிலம் 'அவுச்' என்கிறது. 2024இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, மையா பொன்சொனே முதலான ஆய்வாளர்களுடையது, 131 மொழிகளில் வலி, அருவருப்பு, மகிழ்ச்சி ஆகியவற்றைக் காட்டும் சொற்களைத் திரட்டிப் பார்த்தது. வலிச்சொற்களில் மட்டும் ஓர் ஒழுங்கு தெரிந்தது: வாய் அகலத் திறக்கும் 'ஆ', அதோடு 'ஐ', 'ஔ' போன்ற ஈருயிர் ஒலிகள் எதிர்பார்ப்பதைவிட அதிகம். அய்யோவின் முன்பாதியும் அவுச்சின் முன்பாதியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. மகிழ்ச்சிச் சொற்களிலும் அருவருப்புச் சொற்களிலும் இப்படி ஒரு பொதுமை இல்லை. ஆகவே அவற்றை மொழிக்கு மொழி தனியாகத்தான் கற்க வேண்டும். 'சீ'யும் 'தூ'வும் தெரிந்தவருக்கு 'யக்', 'இயூ', 'அக்' தானாக வந்துவிடாது.

வலியும் இயற்கை ஒலியோடு நின்றுவிடுவதில்லை. யாரைக் கூப்பிடுகிறோம் என்பதில் பண்பாடு நுழைகிறது. தமிழர் வலித்தால் அம்மாவை அழைக்கிறார், நிம்மதி வந்தால் 'அப்பாடா', மலைத்துப்போனால் 'அடேயப்பா'. கன்னடத்தில் 'அப்பப்பா', உருதுவிலும் ஹிந்தியிலும் 'பாப் ரே'. குடும்பமே வாசலில் வந்து நிற்கிறது. ஆங்கிலம் இந்த வேலைக்குப் பெரும்பாலும் கடவுளைக் கூப்பிட்டது, கூப்பிட்டுவிட்டு அதற்காகப் பயந்தது. 1606இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: நாடக மேடையில் விளையாட்டாகவோ அவமதிப்பாகவோ கடவுள் பெயரை உச்சரித்தால் பத்து பவுண்டு அபராதம். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ 1622இல் தனி நூலாக அச்சானபோது அதில் கடவுள்மீது ஆணையிடும் சொற்கள் இருந்தன. அடுத்த ஆண்டு வந்த பெருந்தொகுப்பில் பலவற்றைக் காணோம்.

அச்சத்தால் பிறந்த மறைமுகச் சொற்கள்தான் 'காட்' என்பதை மறைத்த 'காஷ்', 'கோலி'. இயேசுவின் பெயரை மறைத்த 'ஜீ'. 'ஹெல்' என்பதை மறைத்த 'ஹெக்'. 'டாம்' என்பதை மறைத்த 'டார்ன்'. கேட்க வெகுளியாக இருக்கும் இந்தச் சொற்கள் எல்லாமே முக்காடு போட்டவை. தமிழ் வீடுகளிலும் இதே அச்சம் உண்டு. 'அய்யோன்னு சொல்லாதே, அது எமன் பொண்டாட்டி பேரு' என்று பாட்டிமார் அதட்டுவார்கள். வீட்டில் எமனின் மனைவி வந்துவிடாமல் இருக்க 'முருகா', 'சிவசிவா' என்று சொல்லப் பழக்குவார்கள். ஆங்கிலேயர் கடவுளை மறைக்க உப்புச்சப்பில்லாத சொல்லைத் தேடினார்கள். தமிழர் எமன் வீட்டாரை மறைக்கக் கடவுளையே கொண்டுவந்தார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் 'ஓ மை காட்'டை 'அட கடவுளே' என்று எழுதி நகர்ந்துவிடும்போது இந்த வரலாறு முழுவதும் கீழே விழுந்துவிடுகிறது.

'ஓ எம் ஜி' என்ற சுருக்கத்தை வாட்ஸ்அப் தலைமுறையின் குறும்பு என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. 1917இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் பிரபு, வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே அது இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 76.

ஆங்கிலத்துக்கும் இந்தியக் கூச்சல்களுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலும் புதிதல்ல. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னெல், ஹென்றி யூல் என்பவரோடு சேர்ந்து தொகுத்த ஆங்கில–இந்தியச் சொல்லகராதி 1886இல், பர்னெல் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, வெளிவந்தது. அதன் பெயர் 'ஹாப்சன்–ஜாப்சன்'. முகரம் ஊர்வலத்தில் மார்பில் அடித்துக்கொண்டு எழுப்பிய 'யா ஹசன், யா ஹுசைன்' என்ற குரலைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி திரித்ததே அந்தப் பெயர். ஒரு துக்கக் குரல் இரண்டு ஆங்கிலேயக் கனவான்களின் பெயர்போல ஆகிவிட்டது. நூலுக்கு உள்ளே இன்னும் பல. 'பாப் ரே'யிலிருந்து 'பாபரி' வந்தது, கலாட்டா என்ற பொருளில். யாரங்கே என்று வேலைக்காரரைக் கூப்பிடும் 'கோய் ஹை' வங்காளத்தில் இருந்த வெள்ளைக்காரருக்கே பட்டப்பெயராயிற்று. ஷாபாஷும் அதில் இருக்கிறது. மகிழ்ந்திரு என்ற பாரசீக வாழ்த்து, உருது வழியாக வந்து, தமிழ் சினிமாவின் சபாஷாகவும் நிலைத்தது. மண்டி மொஹல்லாவில் ஒருவர் சபாஷ் என்றால் அது எந்த மொழி என்று கேட்பது வீண்.

2016 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதி 'அய்யோ'வைச் சேர்த்துக்கொண்டது, கூடவே 'அய்யா'வையும். பின்னது சிங்கப்பூர், மலேசியச் சீனர் பேசும் ஆங்கிலத்தின் அலுப்புச் சொல். தமிழர் மரியாதைக்குச் சொல்லும் அய்யா அல்ல. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் துயரத்துக்கும் வருத்தத்துக்கும் வழங்குவது என்று அய்யோவுக்கு அகராதி பொருள் தந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட்டத்தில் ஒன்று விடுபட்டுப்போனது: அய்யோவுக்கு அது ஒரு பொருள்தான். குழந்தையின் மழலையைக் கேட்டு 'அய்யோ, என்ன அழகு' என்கிறோம். தொந்தரவு தாங்காமல் 'அய்யோ, விடு' என்கிறோம். இழுத்துச் சொன்னால் ஒன்று, வெட்டிச் சொன்னால் வேறொன்று. 'ஓ டியர்' என்பது இதில் கால்வாசியைத்தான் பிடிக்கும்.

இப்போது பேச்சின் நடுவே வரும் சின்னச் சொற்களுக்கு வரலாம். பயன்பாட்டுச் சிக்கல்கள் உண்மையில் இங்கேதான் குவிந்திருக்கின்றன. 1999இல் டக்ளஸ் பைபர் குழுவினர் வெளியிட்ட லாங்மன் இலக்கணம், லட்சக்கணக்கான சொற்கள் கொண்ட பேச்சுப் பதிவுகளை ஆராய்ந்து, பழைய எட்டாவது வகையை விரித்து 'செருகுச் சொற்கள்' என்ற பெரிய கூட்டமாக்கியது. வியப்புச் சொல் அதில் ஒரு பிரிவு மட்டுமே. வணக்கச் சொல், கவனத்தைத் திருப்பும் சொல், பதில் சொல், தயக்கச் சொல், மரியாதைச் சொல், வசைச் சொல் ஆகியவையும் சேர்ந்தன. உரையாடலில் இவை இல்லாத நிமிடம் அபூர்வம். அரைப்பக்கத்தில் அடங்குகிற சமாச்சாரம் அல்ல.

'ஓ'வையே எடுத்துக்கொள்ளலாம். பாடப்புத்தகம் வியப்பு என்கிறது. ஜான் ஹெரிடேஜ் என்ற ஆய்வாளர் 1984இல் உரையாடல்களை அலசி, 'ஓ' என்பது கேட்பவரின் அறிவு நிலை மாறியதைக் காட்டும் அடையாளம் என்றார். 'இதுவரை தெரியாது, இப்போது தெரிந்துகொண்டேன்.' தமிழில் 'ஓ, அப்படியா' செய்கிற அதே வேலை. ஆகவே தெரிந்த செய்திக்கு 'ஓ' சொல்லக்கூடாது. மேலதிகாரி ஒரு திட்டத்தை விளக்கும்போது வாக்கியத்துக்கு ஒரு முறை 'ஓ' போடுகிற புதியவர், தாம் எதையுமே படித்துவிட்டு வரவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொள்கிறார். எழுத்தில் இன்னொரு நுணுக்கம். விளிக்கும் 'ஓ'வுக்கு ஆங்கிலத்தில் 'ஓ' என்ற ஒற்றைப் பெரிய எழுத்து மட்டும். பின்னால் காற்புள்ளி வராது. பிரார்த்தனையிலும் கவிதையிலும்தான் இடம். உரையாடலில் வரும் 'ஓ'வுக்கு 'எச்' சேரும், பின்னால் காற்புள்ளி வரும். உணர்ச்சி பொங்கினால்தான் ஆச்சரியக்குறி. ஒவ்வோர் 'ஓ'வுக்கும் ஆச்சரியக்குறி போட்டு எழுதும் பழக்கம் பள்ளியிலிருந்து வந்தது. அப்படி எழுதிய மின்னஞ்சலைப் படித்தால் எழுதியவர் கத்துவதுபோல் இருக்கும்.

இன்னும் ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது. இலக்கணப் புத்தகங்கள் அதைத் தொடுவதே இல்லை.

தமிழில் 'ம்ஹும்' என்றால் இல்லை. கன்னடத்தில் 'ஊஹூம்' என்றால் இல்லை. உருதுவில் மூக்கால் சொல்லும் 'ஊஹூ' என்றாலும் இல்லைதான். மண்டி மொஹல்லாவின் மூன்று வீட்டு மொழிகளும் இதில் ஒற்றுமை. ஆங்கிலத்தில் 'ம்ஹ்ம்' என்றால் ஆம். 'அஹ' என்றாலும் ஆம். இல்லை என்று சொல்ல நடுவே மூச்சை விடாமல் தொண்டையை வெட்டி 'அ–அ', 'ம்–ம்' என்பார்கள். நடுவில் 'ஹ' என்ற மூச்சு இருந்தால் ஆம், தொண்டை வெட்டு இருந்தால் இல்லை. ஆமாம் சொல்லும்போது குரல் ஏறும், மறுக்கும்போது இறங்கும். முகம் தெரியாத தொலைபேசியில் ஓர் அமெரிக்க வாடிக்கையாளர் 'பழைய முகவரிதானே?' என்று கேட்க, பெங்களூருவிலோ சென்னையிலோ இருப்பவர் தன்னையறியாமல் 'ம்ஹும்' என்று மறுத்தால், அவர் ஆமென்று எழுதிக்கொள்வார். இலக்கணப் பிழை ஏதும் இல்லை, உச்சரிப்புப் பிழையும் இல்லை, அனுப்பிய பொருள் மட்டும் வேறு ஊருக்குப் போய்ச் சேரும். இதற்கு மருந்து எளிது: தலையசைப்பு தெரியாத இடத்தில் முழுதாக 'யெஸ்', 'நோ' சொல்வது.

கதை கேட்கும் தமிழர் 'ம்' கொட்டுவார். கொட்டாவிட்டால் சொல்பவர் நிறுத்திவிட்டு 'கேக்கறியா?' என்பார். ஆங்கில உரையாடலிலும் கேட்பவர் 'ம்ஹ்ம்', 'ரைட்', 'யா' என்று சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பேசாமல் இருப்பதே மரியாதை என்று வளர்ந்தவர், நேர்காணலில் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். எதிரில் இருப்பவரோ இவருக்குப் புரியவில்லை என்று நினைத்து அதையே மறுபடி மெதுவாகச் சொல்வார்.

கேட்காமல் போனதைத் திரும்பக் கேட்பதற்கு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே சொல் இருக்கிறது. மார்க் டிங்கமன்ஸ, ஃபிரான்சிஸ்கோ டொரெய்ரா, நிக் என்ஃபீல்டு மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 31 மொழிகளை ஒப்பிட்டார்கள். ஆங்கிலத்தின் 'ஹ?' போன்ற ஒரு குறுகிய, கேள்வி ஏற்றமுள்ள ஒலி எங்கும் இருந்தது. 2015இல், சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசு அதற்குக் கிடைத்தது. தமிழின் 'ஆங்?', கன்னடத்தின் 'ஹா(ங்)?' இரண்டையும் இந்த வரிசையில் வைக்கலாம். ஆனால் ஒலி பொதுவானதே ஒழிய மரியாதை பொதுவல்ல. தமிழர் மாமனாரிடம் 'ஆங்?' என்று கேட்பதில்லை, 'என்னங்க மாமா?' என்பார். உருதுக்காரர் 'ஜீ?' என்பார். ஆங்கிலத்திலும் நண்பனிடம் 'ஹ?', மற்றவரிடம் 'ஸாரி?' அல்லது 'பார்டன்?'. அதேபோல் 'ஹே' என்பது தமிழ் 'ஏய்' அளவுக்கு முரட்டுத்தனமானது அல்ல, என்றாலும் தெரியாதவரைக் கூப்பிட 'எக்ஸ்க்யூஸ் மி'தான் ஏற்றது.

'ஹலோ'வின் கதை தனி. 1877இல் தாமஸ் எடிசன் தொலைபேசிக்கு இந்தச் சொல்லைப் பரிந்துரைத்தார். கிரகாம் பெல்லுக்கோ கப்பல்காரர்களின் 'அஹாய்'தான் பிடித்திருந்தது. எடிசன் வென்றார். அதற்கு முன்பு ஹலோ பெரும்பாலும் ஆச்சரியச் சொல்லும் அதட்டிக் கூப்பிடும் சொல்லுமாக இருந்தது. இந்திய நகரங்களில் வரிசையை மீறி நுழைபவரை நிறுத்த 'ஹலோ!' என்று இழுக்கிறோமே, அந்தப் பழைய வேலையை அது இன்னும் விடவில்லை.

தயக்கச் சொற்களின் நிலை கொஞ்சம் பரிதாபம். மேடைப் பேச்சுப் பயிற்சி தருபவர்கள் 'அ', 'அம்' இரண்டையும் களையெடுக்கச் சொல்கிறார்கள். மைசூருவிலேயே 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு–கேட்பு நிறுவனம் இருக்கிறது. அது பயிற்றுவிக்கும் துறையில், திக்கிப் பேசுவதை மதிப்பிடும்போது இப்படி இடையே நுழையும் ஒலிகளையும் ஒரு வகைத் தடங்கலாக எண்ணுவது நடைமுறை. மருத்துவத் தேவைக்கு அது சரி. ஆனால் 2002இல் ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ இருவரும் ஆங்கிலப் பதிவுகளை ஆராய்ந்து, இவையும் சொற்களே என்று வாதிட்டார்கள்: சின்னத் தாமதத்துக்கு 'அ', பெரிய தாமதத்துக்கு 'அம்'. எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு அல்ல இது. ஆனாலும் தமிழ் காதுக்கு அதில் வியப்பு இல்லை. 'அது வந்து...' என்று ஒருவர் தொடங்கினால் விஷயம் சங்கடமானது என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. இதையே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவர் 'ஆக்ச்சுவலி'யைப் பிடித்துக்கொள்கிறார். ஆங்கிலேயர் காதில் அது 'நீங்கள் நினைப்பது தவறு' என்று தொனிக்கும். இங்கே 'வெல்' என்று தொடங்கினால் போதும்: எதிர்பார்த்த பதில் வரப்போவதில்லை என்று பதமாக உணர்த்திவிடும்.

எழுத்து வடிவம் சில சமயம் ஒலியை ஏமாற்றுகிறது. பரிவுக்கும் அலுப்புக்கும் நாம் உச்சுக் கொட்டுகிறோம். அதே நாக்கொலியைத்தான் ஆங்கிலம் 'டிஸ்க்' என்றும் 'டட்' என்றும் எழுதுகிறது. எழுத்தைப் படித்துவிட்டு 'டட் டட்' என்று உச்சரிப்பவர்கள் ஆங்கிலேயர்களிலேயே வந்துவிட்டார்கள். பயன்பாட்டிலும் வேறுபாடு உண்டு. தமிழ்ப் பாட்டி பேரனின் காயத்தைப் பார்த்துப் பரிவோடு உச்சுக் கொட்டுவார். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் கண்டிப்பு. வெளிநாட்டு மருமகளின் துயரக் கதையைக் கேட்டு மாமியார் மனமுருகி உச்சுக் கொட்ட, மருமகள் தன்னைக் குறை சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.

பேத்தியின் 'ஷிட்'டுக்குத் திரும்பினால், அதில் அவள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. படங்களிலிருந்தும் தொடர்களிலிருந்தும் கற்ற ஆங்கிலம் அது, பாடப்புத்தகம் தராததை அங்கிருந்து எடுத்துக்கொண்டாள். சிக்கல் என்னவென்றால், வேற்றுமொழி வசைச்சொல்லின் சூடு நம் நாக்கில் தெரிவதில்லை. தமிழில் அதன் நேர்ப்பொருளை வகுப்பில் உச்சரிக்கத் துணியாதவர்கள் ஆங்கிலத்தில் தாராளமாகச் சொல்கிறார்கள். 'டாம்', 'ஹெல்', 'ஷிட்', அதற்கு மேலே இருப்பவை என்று படிப்படியாக ஏறும் காரம் ஆங்கிலம் பேசுபவருக்கு உள்ளுணர்வில் தெரியும். கற்பவருக்கு யாராவது சொல்லித் தர வேண்டும். 'ஓ நோ', 'ஊப்ஸ்', 'மை குட்னஸ்' மூன்றும் நேர்காணலிலும் செல்லும். பாட்டி முன்னாலும் செல்லும்.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது அதிகம் இல்லை, கடினமும் இல்லை. பட்டியலை ஒப்பிக்கச் சொல்வதற்குப் பதில் ஒரு சூழலைக் கொடுத்து, யாரிடம் சொல்கிறாய் என்று கேட்கலாம். 'வாவ்' என்ற ஒரே சொல்லை மெச்சுவதற்கும் நக்கலடிப்பதற்கும் இரண்டு தொனியில் சொல்லவைக்கலாம். வீட்டு மொழியில் அந்த இடத்தில் என்ன வரும் என்று வகுப்பிலேயே கேட்டால், தக்கனி உருதுவும் கன்னடமும் தமிழும் வரிசையாக வந்து விழும். 'ஊஹூம்' அப்போதே பிடிபடும். இந்திய மொழிகள் நடுவண் நிறுவனம் 1969 முதல் இதே மைசூருவில்தான் இயங்குகிறது. செம்மொழித் தமிழ் உயராய்வு மையம்கூட 2008இல் சென்னைக்குப் போவதற்கு முன் அங்கேதான் இருந்தது. பேச்சு மொழிகளை ஒப்பிட்டுக் கற்பிக்க இந்த ஊரைவிடத் தோதான இடம் குறைவு.

ஆக்ஸ்ஃபர்டு ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு மாணவி ஆங்கில விடைத்தாளில் அய்யோ எழுதலாமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கதை எழுதச் சொன்ன வினாவில், மைசூருப் பாட்டி ஒருத்தி பேசுகிற வரியில், தாராளமாக எழுதலாம். அந்த இடத்தில் 'அலாஸ்' என்று எழுதுவதுதான் பிழை. தலைமையாசிரியருக்கு எழுதும் விடுப்புக் கடிதத்தில் அய்யோவும் வேண்டாம், 'ஓ'வும் வேண்டாம், ஆச்சரியக்குறியும் வேண்டாம். காய்ச்சல் எத்தனை நாளாக என்று எழுதினால் போதும்.